கல்யாணக் கேசட் – 11: நாற்பத்து நாலாயிரத்து நூறு

போன வாரம் நிறுத்திய இடம்: டிவிடி வட்டின் கொள்ளளவை வினாடிகளால் வகுத்தால் பிட்ரேட். மூன்று மணி நேரக் கல்யாணத்துக்கு வினாடிக்கு 3.48 மெகாபிட், அதில் செய்கூலி சேதாரம் போனால் 3.3. கணக்கைத் தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி போட இடமில்லை.

இந்த வாரம் ஃபீல்டு வரிசை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் காரைக்குடி வாசகி ஒருவர் ஒற்றைக் கேள்வியை அனுப்பிக் கெடுத்துவிட்டார். "டிவிடி செய்யும் மென்பொருளில் ஆடியோ என்று ஒரு பட்டியல் வருகிறது சார். 32,000, 44,100, 48,000 என்று மூன்று எண்கள். பெரிய எண்தானே நல்லது, 48,000 போட்டுவிடட்டுமா?"

போடுங்கள் அம்மா, தாராளமாக. ஆனால் பெரியது என்பதற்காகப் போடாதீர்கள். வீட்டில் செய்யும் டிவிடிக்கு 48,000தான் விதி. வேறு எண்ணைக் கொடுத்தால் நல்ல மென்பொருள் ஏற்க மறுக்கும். சுமாரான மென்பொருள் வாங்கிக்கொண்டு வட்டையும் எரித்துக் கொடுக்கும், பிளேயரில் போட்டால் மணமக்கள் ஊமையாக வாயசைப்பார்கள்.

பதில் அவ்வளவுதான், தபால் அட்டையில் அடங்கிவிடும். என்னைப் பிடித்துக்கொண்டது நடுவில் இருந்த எண். 32,000 உருண்டையாக இருக்கிறது, 48,000மும் உருண்டை. அவற்றுக்கு நடுவே இந்த 44,100 எங்கிருந்து வந்தது? ஒலியை வினாடிக்கு இத்தனை முறை அளந்து எழுத வேண்டும் என்று முடிவு செய்கிறவர்கள் 44,000 என்றோ 45,000 என்றோ வைத்திருக்கலாமே, அந்த நூறு ரூபாய் மொய்யை யார் வைத்தார்கள்?

வைத்தது வீடியோ கேசட். 44,100 ஆடியோ சிடியின் எண். அந்த எண்ணுக்கு அப்பன் வீடியோ கேசட்தான்.

1970-களின் கடைசியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒலியை எண்களாக மாற்றத் தெரிந்துவிட்டது. மாற்றியதை எங்கே சேமிப்பது என்றுதான் தெரியவில்லை. ஒரு மணி நேர ஸ்டீரியோ இசைக்கு 600 மெகாபைட்டுக்கு மேல் வேண்டும். அன்றைய ஹார்டு டிஸ்க்கில் அதற்குப் போதிய இடம் கட்டுப்படியாகிற விலையில் கிடையாது. ஆடியோ டேப்புக்கு அந்த வேகம் வராது. அவ்வளவு விவரத்தை விழுங்கக்கூடிய கருவி ஒன்று கைவசம் இருந்தது: முக்கால் அங்குல டேப்பில் ஓடும் யு-மேட்டிக் வீடியோ ரெக்கார்டர்.

சோனி பொறியாளர்கள் ஒலியைப் படமாக வரைந்தார்கள். 1 என்றால் வெள்ளைப் புள்ளி, 0 என்றால் கறுப்பு. அந்தப் புள்ளிகளைத் தொலைக்காட்சிப் படத்தின் கோடுகளில் வரிசையாக அடுக்கி ரெக்கார்டருக்குக் கொடுத்தார்கள். பாவம், அது ஏதோ நிகழ்ச்சி வருகிறது என்று நம்பிப் பதிவு செய்துகொண்டது. அந்த டேப்பை டிவியில் ஓட்டினால் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் கட்டம் கட்டமாக மினுமினுக்கும், அவ்வளவுதான். அந்த மினுமினுப்புக்குள் ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ரா உட்கார்ந்திருக்கும்.

இப்போது கணக்கு. ஒரு கோட்டில் ஒரு சேனலுக்கு மூன்று அளவுகள் வசதியாக அடங்கின. ஜப்பான், அமெரிக்கா டிவியில் வினாடிக்கு 60 ஃபீல்டு, அதாவது 60 அரைப் படம், ஒவ்வொன்றிலும் 245 கோடுகளை இதற்குப் பயன்படுத்தினார்கள். 3 × 245 × 60. பெருக்கிப் பாருங்கள்: 44,100.

ஐரோப்பாவிலும் நம் ஊரிலும் வினாடிக்கு 50 ஃபீல்டுதான், ஆனால் கோடுகள் அதிகம். 294 கோடுகளை எடுத்துக்கொண்டார்கள். 3 × 294 × 50. இதுவும் 44,100!

ஒன்றோடொன்று ஒத்தே போகாத இரண்டு டிவி முறைகள். ஒன்றின் கேசட் மற்றதில் ஓடாது. அந்த இரண்டிலும் ஒரு புள்ளி மீதமில்லாமல் பொருந்துகிற ஓர் எண்ணைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. முதல் நான்கு பகா எண்களான 2, 3, 5, 7 ஆகியவற்றைப் பெருக்கினால் 210. அந்த 210-ஐ அதனாலேயே பெருக்கினால் 44,100. ஐம்பதால் வகு, அறுபதால் வகு, மூன்றால் வகு, மீதியே வராது. இதை நான் வீட்டில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. எனக்கு வந்த உற்சாகம் யாருக்கும் வரவில்லை. ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

1982-ல் ஆடியோ சிடி கடைக்கு வந்தபோது இந்த எண்ணும் கூடவே வந்தது. தொழிற்சாலைக்குப் போன மூலப் பதிவே யு-மேட்டிக் டேப்பில்தான் போனது. 44,100 அளவுகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல்: வினாடிக்கு 14,11,200 பிட். சிடி 74 நிமிடம் ஓடுவதற்குக் காரணம் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி என்று ஒரு கதை உலவுகிறது. பிலிப்ஸில் சிடியை உருவாக்கிய குழுவிலிருந்த கேஸ் இம்மிங்க் அதை மறுத்து எழுதியிருக்கிறார். அதற்குள் போனால் இந்தத் தொடர் தீபாவளி மலர் வரை நீளும், வேண்டாம்.

நமக்கு வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. 1993-ல் விசிடி வருகிறது. சிடியில் படம் காட்ட வேண்டும். சிடி சுழலும் வேகமோ பாட்டுக்காக முடிவானது. எம்பெக் குழுவினர் அந்த வேகத்துக்குள் படத்தை மடக்கி வைக்க ஒரு முறை செய்தார்கள். வினாடிக்கு 'ஏறத்தாழ 1.5 மெகாபிட் வரை' என்று எம்பெக்-1 தரநிலையின் தலைப்பிலேயே இருக்கிறது. விசிடியில் படத்துக்கு 1,150 கிலோபிட், சத்தத்துக்கு 224. வீடியோ டேப்பின் அகலத்தைக் கடன் வாங்கி ஒலி தனக்கு ஒரு வீடு கட்டிக்கொண்டது. சில வருடம் கழித்து வீடியோ அதே வீட்டுக்குக் குடிவந்தது, குறுகிய அறையில்.

அறை போதாமல் ஒரு காரியமும் செய்தார்கள். கணினிக் கோப்பு எழுதும்போது சிடியின் ஒவ்வொரு செக்டரிலும் 2,048 பைட்தான் நமக்கு. மீதி இடத்தில் பிழை திருத்தும் தகவல் இருக்கும். விசிடியில் அந்தக் கூடுதல் காவலை எடுத்துவிட்டு 2,324 பைட் ஆக்கினார்கள். 650 மெகாபைட் சிடியில் ஏறத்தாழ 740 மெகாபைட் படம் ஏறியது அப்படித்தான். கணக்குக் கோப்பில் ஒரு பிட் தவறினால் கணக்கே தவறும், படத்தில் தவறினால் நாயகன் கன்னத்தில் கண நேரம் ஒரு பச்சைச் சதுரம். கீறல் விழுந்த விசிடியில் பார்த்த படங்களில் எத்தனை பச்சைச் சதுரம் பார்த்திருப்போம்! ரிமோட்டைத் தேடுவது, வட்டை வேட்டியில் துடைப்பது, இரண்டாவது சிடிக்கு எழுந்து போவது. இடைவேளையே அப்போது வேறு இடத்தில் வந்தது.

இதில் ஆதாயம் என்ன என்று கேட்பவர்களுக்கு: உங்களில் பாதிப் பேரிடம் விஎச்எஸ் கேசட் கிடையாது, பூஞ்சை பிடித்துத் தூக்கிப் போட்டாகிவிட்டது. 2000-களில் ஸ்டுடியோ கொடுத்த விசிடிக் கட்டு மட்டும் பீரோவில் இருக்கிறது. அதை டிவிடியாக்க முயலும் பலர், 'உயர் தரம்' என்று 720-க்கு 576 ஆகப் பெரிதாக்கி மறுபடி என்கோடு செய்கிறார்கள். செய்யாதீர்கள். விசிடியின் 352-க்கு 288 எம்பெக்-1 படத்தை டிவிடி தரநிலை அப்படியே ஏற்கும். நல்ல ஆதரிங் மென்பொருள் படத்தைத் தொடாமல் எடுத்துக்கொள்ளும். இல்லாத விவரம் பெரிதாக்குவதால் வராது, இருப்பதும் இன்னொரு முறை நசுங்கும். மாற்ற வேண்டியது சத்தத்தை மட்டும்தான், 44,100-லிருந்து 48,000-க்கு. விசிடியின் பிட்ரேட்டில் ஒரு சாதாரண டிவிடியில் ஏழு மணி நேரம் ஏறும். நிச்சயதார்த்தத்திலிருந்து மறுவீடு வரை ஒரே வட்டில் முடிந்துவிடும்.

மாற்றுவது என்றால் முறையாக மறு அளவீடு செய்வது, மென்பொருளில் ரீசாம்பிள் என்று இருக்கும். மேலே ஒட்டியிருக்கும் எண்ணை மட்டும் திருத்தினால் 44,100-ல் எழுதியது 48,000 வேகத்தில் ஓடும். மூன்று மணி நேரச் சத்தம் இரண்டே முக்கால் மணியில் தீர்ந்துவிடும். நாதஸ்வரம் அரைக் கட்டைக்கும் ஒரு கட்டைக்கும் நடுவே எங்கோ ஏறி நிற்கும். மாமா குரல் அத்தை குரலாகும். அப்படி ஒரு வட்டை ஒரு வீட்டில் பார்த்தேன், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. "அந்தக் காலத்துல எல்லாரும் சுறுசுறுப்பா இருந்தோம் தம்பி" என்றார் அந்த வீட்டுப் பெரியம்மா.

பட்டியலில் விடுபட்ட 32,000 பற்றி ஒரு வார்த்தை. மினிடிவி (MiniDV) கேமரா வைத்திருந்தவர்கள் கவனியுங்கள். அந்தக் கேமராக்களில் ஒலிக்கு 12 பிட், 16 பிட் என்று இரண்டு நிலை. 12 பிட் நிலையில் எடுத்தது 32,000. பலர் வாங்கிய நாளிலிருந்து மெனுவைத் திறந்ததே இல்லை, கேமரா 12 பிட்டிலேயே இருந்திருக்கும். ஒரே டேப்பில் பாதி அதுவும் பாதி இதுவுமாக இருப்பதும் உண்டு. கேப்சர் செய்தபின் சத்தம் நடுவில் தடம் மாறினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

பட்டியலில் 48,000-க்கு அடுத்து இன்னொரு கட்டம் இருக்கும்: எந்த வடிவம்? பிசிஎம், ஏசி-3, எம்பெக் லேயர் 2. இங்கேதான் நல்ல மனம் படைத்தவர்கள் விழுகிறார்கள். பிசிஎம் என்பது கசக்காத ஒலி, அதைவிடச் சுத்தம் இல்லை, கல்யாணம் ஒருமுறைதானே என்று அதை அழுத்திவிடுகிறார்கள். பிசிஎம் வினாடிக்கு 1,536 கிலோபிட் சாப்பிடும். நம்மிடம் இருப்பதோ 3.3 மெகாபிட். கிட்டத்தட்டப் பாதி. சாதாரண விஎச்எஸ் கேசட்டின் ஓரத் தடத்தில் இருக்கும் ஒற்றைச் சேனல் இரைச்சலுக்குப் பாதி வட்டைத் தாரை வார்ப்பதா? ஏசி-3, 192 கிலோபிட். கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். மிச்சம் 3.1 மெகாபிட் படத்துக்கு.

அந்த 3.1-ஐ எப்படிச் செலவழிப்பது? மதுரைப் பக்கம் ஒரு ஸ்டுடியோக்காரரிடம் நடந்த பேச்சு இது. பெயர் வேண்டாம், அவரும் இந்தப் பத்திரிகை படிக்கிறார்.

"நாலு மணி நேரத்தையும் ஒரே டிவிடியில போட்டுத் தந்திருக்கேன் சார். வேற யாரும் தரமாட்டாங்க."

"போட்டீங்க அண்ணே. தாலி கட்டுற நேரத்துல மட்டும் கட்டம் கட்டமா தெரியுதே?"

"அது உங்க டிவி சார்."

டிவி இல்லை. முகூர்த்தம்தான் காரணம். என்கோடர் எப்படிச் சிக்கனம் செய்கிறது என்று யோசியுங்கள். முழுப் படம் எப்போதாவது ஒன்றுதான் எழுதும், அதற்கு ஐ-பிரேம் என்று பெயர். டிவிடியில் நம் பிஏஎல் முறைக்கு அதிகபட்சம் 15 படத்துக்கு ஒன்று. நடுவில் வருபவற்றில் முந்தைய படத்திலிருந்து எது மாறியது என்பதை மட்டும் எழுதும். ரிசப்ஷனில் மணமக்கள் சிலை மாதிரி நிற்கிறார்கள், மொய்க் கவரோடு ஆட்கள் வந்து போகிறார்கள், எழுத அதிகம் இல்லை. கெட்டிமேளம் கொட்டுகிற நேரம் வருகிறது. பத்துப் பக்கமிருந்து ஃபிளாஷ். ஒவ்வொரு ஃபிளாஷுக்கும் திரை முழுக்க வெளுத்து, அடுத்த படத்தில் மறுபடி இருண்டு, முந்தைய படத்தோடு எதுவும் பொருந்தாது. கூடவே அட்சதை, நூறு கையிலிருந்து, ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு திசையில். பூ இதழ் வேறு. ஓமப் புகை மேலே மெதுவாகச் சுருள்கிறது, புகையின் மங்கல் சாயல்களை எம்பெக்-2 எப்போதும் பட்டை பட்டையாகத்தான் காட்டும். கேமராக்காரரை யாரோ தோளில் இடிக்கிறார்கள், படமே குலுங்குகிறது. மூன்று மணி நேரத்தில் எந்த அரை நிமிடத்துக்காக வீடியோ எடுத்தோமோ அந்த அரை நிமிடம்தான் என்கோடருக்கு மகா கஷ்டமான அரை நிமிடம்.

வினாடிக்கு இத்தனை என்று சமமாகப் பங்கிடும் சிபிஆர் போட்டால் மொய்க் கவருக்கும் 3.1, தாலிக்கும் 3.1. கையில் கட்டம்தான் மிஞ்சும். அதனால் தேவைக்குத் தக்கபடி பங்கிடும் இரண்டு சுற்று விபிஆர், மென்பொருளில் 'டூ பாஸ்' என்று இருக்கும். முதல் சுற்றில் வட்டுக்கென்று எதுவும் எழுதாது, கல்யாணம் முழுவதையும் பார்த்து எங்கே சிரமம் என்று குறித்துக்கொள்ளும். சமையல்காரர் அடுப்பு மூட்டுமுன் எத்தனை இலை என்று கேட்பது போல. இரண்டாவது சுற்றில் ரிசப்ஷனில் மிச்சம் பிடித்ததை முகூர்த்தத்தில் கொட்டும். நேரம் இரட்டிப்பாகும், ஆகட்டும், ராத்திரி ஓடவிட்டுத் தூங்குங்கள். சராசரி 3,100. உச்சம் 8,000-க்கு மேல் வேண்டாம். விதிப்படி படத்துக்கு 9,800 வரை போகலாம், ஆனால் அந்த உச்சியில் எரித்த வட்டுகளைப் படிக்கப் பழைய பிளேயர்கள் திணறும்.

முடிந்தால் அதைவிட எளிய வழி ஒன்று சொல்வேன்: இரண்டு வட்டு. முகூர்த்தம் ஒன்றில், ரிசப்ஷன் ஒன்றில். வெறும் வட்டு என்ன விலை விற்கிறது? மோசர் பேர் 34 ரூபாய்க்கு முழு சினிமா டிவிடியே விற்ற ஊர் இது. நாலு மணி நேரத்தை ஒன்றில் திணிப்பதில் என்ன பெருமை என்று எனக்கு விளங்கியதே இல்லை.

ஒரே வட்டுதான் என்று அடம்பிடிப்பவர்கள் அகலத்தைக் குறையுங்கள். 720-க்கு 576-க்குப் பதில் 352-க்கு 576. பாதிப் படமா என்று பயப்பட வேண்டாம், திரையில் முழு அகலத்துக்கே விரியும். விஎச்எஸ் கேசட்டின் கிடைமட்டத் தெளிவு சுமார் 240 கோடு. நாலுக்கு மூன்று திரையின் முழு அகலத்துக்கு அதை விரித்தால் 320 புள்ளி. அதற்கு 352 போதும், மேலே இருப்பதெல்லாம் நாடாவின் புழுதியைத் துல்லியமாகப் படம் பிடிப்பதுதான். உயரத்தில் மட்டும் கைவைக்காதீர்கள், 288 ஆக்கினால் இரண்டு ஃபீல்டில் ஒன்று காணாமல் போகும். கேசட் படத்தின் அடியில் ஒரு நெளிகிற கோடு இருக்குமே, வீடியோ ஹெட் மாறும் இடம். அந்தப் பட்டையைக் கறுப்பால் மூடிவிடுங்கள், 16 கோடு அளவுக்கு. என்கோடர் 16-க்கு 16 கட்டங்களாகத்தான் படத்தை வெட்டுகிறது, சரியாக ஒரு வரிசைக் கட்டம் மிச்சம். பழைய டிவியில் அந்த இடம் சட்டத்துக்குப் பின்னால் மறைந்தே இருந்தது, யாரும் தேட மாட்டார்கள்.

அந்தக் கட்டங்களுக்குள் இன்னும் சிறிய 8-க்கு 8 கட்டம் இருக்கிறது. அதற்குள் நடக்கும் கணிதத்தை 1974-ல் வெளியிட்ட மூவர்: பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அவருடைய மாணவர் டி. நடராஜன், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த கே. ஆர். ராவ். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டபோது ரொம்ப எளிதாக இருக்கிறது என்று சொல்லி நிராகரித்தார்களாம். இது தனியாக ஒரு வாரம் கேட்கிறது, குறித்துக்கொண்டேன்.

ஃபீல்டு வரிசைக்கு இடமில்லை என்று ஆசிரியர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் கட்டாயம். அதுவரை ஒரு காரியம் செய்து வையுங்கள். முகூர்த்தத்தைச் சுற்றி ஐந்து நிமிடம் மட்டும் வெட்டி, 48,000, ஏசி-3 192, சராசரி 3,100 என்று போட்டு, அழித்து எழுதக்கூடிய ஆர்டபிள்யூ வட்டில் எரித்து டிவியில் பாருங்கள். கணினித் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஃபீல்டு கோளாறு அதில் பெரும்பாலும் தெரியாது. அட்சதை தூவும் கை முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போகிறதா என்று கவனித்து எழுதுங்கள். போகிறது என்பவர்கள் எந்தக் கேப்சர் கார்டு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.